பட்டாளத்துக் காகிதம்

தொண்ணூறுகளில் கோவிலம்பாக்கத்தில் மனை வாங்கியவர்களில் பட்டாளத்துக்காரர்கள் நிறையப் பேர். கம்யூட்டேஷன் பணத்துக்குள் ஒரு கிரவுண்டு முடிந்தது. பரங்கிமலையில் மிலிட்டரி ஆஸ்பத்திரி, தாம்பரத்தில் விமானப்படைத் தளம், இரண்டுமே பஸ்ஸில் போய்விடும் தூரம். பல்லாவரத்தையும் துரைப்பாக்கத்தையும் இணைக்கும் இருநூறடிச் சாலை அப்போது வரவில்லை. மேடவாக்கம் சாலையை விட்டு உள்ளே இறங்கினால் மண் பாதை. ஐப்பசியில் செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டுதான் வீடு போய்ச் சேர வேண்டும். அந்தப் பாதையில் ஞாயிற்றுக்கிழமை காலைகளில் மஞ்சள் பையோடு யாராவது என் வீட்டைத் தேடி வருவார்கள். பைக்குள் டிஸ்சார்ஜ் புக், மடித்து மடித்துக் கிழிந்த பிபிஓ என்ற பென்ஷன் உத்தரவு, ஆங்கிலத்தில் மூன்று வரிக் கடிதம் ஒன்று.

நான் ராணுவத்தில் கிளார்க்காக இருந்தவன். ஒரு ஃபைல் எந்த மேசையில் எதற்காக நிற்கும் என்பது எனக்குத் தெரியும். எங்கள் தெருவுக்கு அந்த அறிவு தேவைப்பட்டது.

வந்தவர்களில் பாதிப் பேருக்கு டிஸெபிலிட்டி பென்ஷன் தொடர்பான சிக்கல். அதற்கு 1961-ம் ஆண்டின் ராணுவ ஓய்வூதிய விதிகள் இரண்டு நிபந்தனைகள் வைத்தன. உடல் குறைபாடு பணியால் வந்ததாக இருக்க வேண்டும், அல்லது பணியால் அதிகமாகியிருக்க வேண்டும். அதோடு அது இருபது சதவீதத்துக்குக் குறையாமலும் இருக்க வேண்டும். இரண்டையும் முடிவு செய்வது, ஆளை வீட்டுக்கு அனுப்பும் முன் உட்காரும் மெடிக்கல் போர்டு. அந்தப் படிவத்தில் பணிக்கும் நோய்க்கும் தொடர்பு உண்டா என்று ஒரு கட்டம் இருக்கும். அதில் டாக்டர் எழுதும் ஒரு சொல்லில் ஒரு குடும்பத்தின் மீதி வாழ்க்கை முடிவாகிவிடும். குண்டடி பட்டவனுக்கு அந்தக் கட்டத்தில் பெரும்பாலும் சிக்கல் வராது. வலிப்பு, மனநோய், இதய நோய், முதுகெலும்பு என்று வந்தவனுக்குத்தான் இல்லை என்று எழுதுவார்கள். பிறவிக்கூறு, உடல்வாகு என்று காரணமும் ஒன்று இருக்கும்.

இதை எனக்கு முழுதாகப் புரியவைத்தது ஈச்சங்காடு பக்கம் இட்லிக் கடை வைத்திருந்த ஒரு அம்மா. அவர் வீட்டுக்காரர் ஆர்மி சர்வீஸ் கோரில் டிரைவர். லடாக் பக்கம் கான்வாயில் லாரி ஓட்டியவர். எண்பதுகளின் கடைசியில் ஒருநாள் மெஸ்ஸில் சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது வலிப்பு வந்து விழுந்திருக்கிறார். ஆஸ்பத்திரியில் வைத்திருந்தார்கள், பிறகு போர்டு உட்கார்ந்தது, பிறகு ரயிலேற்றி விட்டார்கள். பத்து வருஷம்கூட ஆகாத சர்வீஸ். ஜவானுக்குப் பதினைந்து வருஷம் முடிந்தால்தான் சாதாரண பென்ஷன். அதனால் இந்த டிஸெபிலிட்டி பென்ஷன் கிடைத்தால் உண்டு, இல்லாவிட்டால் கையில் கொடுத்த சொற்ப கிராஜுவிட்டியோடு சரி. கிடைக்கவில்லை. அலகாபாத் பென்ஷன் அலுவலகத்திலிருந்து கடிதம் வந்தது. உங்கள் குறைபாடு பணியால் வந்ததுமில்லை, பணியால் அதிகமானதுமில்லை. ஆறு மாதத்துக்குள் மேல்முறையீடு செய்யலாம். அவ்வளவுதான் கடிதம்.

அந்தக் கடிதத்தை அவர்கள் வீட்டில் யாருக்கும் படிக்கத் தெரியவில்லை. டிரங்குப் பெட்டியில் பத்திரமாக வைத்திருந்தார்கள். என்னிடம் வந்தபோது ஆறு மாதம் முடிந்து பல வருஷம் ஆகிவிட்டிருந்தது.

நான் படித்துச் சொன்னேன். அந்த அம்மா கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார். பிறகு கேட்டார்: "ஏன் தம்பி, சேரும்போதே இவருக்கு வலிப்பு இருந்திருந்தா பட்டாளத்துல எடுத்திருப்பாங்களா? எல்லாத்தையும் அவுத்துப் பாத்துட்டுத்தானே எடுக்கறாங்க? அப்ப நல்லா இருந்த மனுசன், அங்க போய்த்தானே இப்படி ஆனாரு?"

அன்று என்னிடம் பதில் இல்லை. கீழ்க்கட்டளையில் ஒரு டைப்ரைட்டிங் இன்ஸ்டிடியூட் இருந்தது. அங்கே மூன்று கார்பன் வைத்து மேல்முறையீட்டை அடித்து, ரிஜிஸ்டர் தபாலில் ஒப்புகை அட்டையோடு அனுப்பினோம். அட்டை கையெழுத்தோடு திரும்பி வந்தது. பதில் வரவே மாதக்கணக்கில் ஆனது. காலம் கடந்த மனு, நிராகரிக்கப்படுகிறது. மறுபடி எழுதினோம். மறுபடி அதே பதில். போர்டு என்ன எழுதியது என்று பார்த்தால்தானே எதிர்வாதம் வைக்க முடியும். நகல் கேட்டால் ரகசிய ஆவணம் என்றார்கள். ஹைகோர்ட்டில் ரிட் போடலாம். இட்லிக் கடை வருமானத்தில் வக்கீலுக்குக் கொடுக்க முடியுமா?

அந்தக் காலத்தில் இன்னொரு கொடுமையும் நடந்தது. மெடிக்கல் போர்டு நோயாளியை நேரில் பார்த்து நாற்பது சதவீதம் என்று எழுதியிருக்கும். ஃபைல் அலகாபாத் போகும். அங்கே பென்ஷன் அலுவலகத்தில் இருக்கும் மருத்துவ ஆலோசகர், ஆளையே பார்க்காமல், காகிதத்தைப் பார்த்துச் சதவீதத்தைக் குறைப்பார், அல்லது பணிக்குத் தொடர்பில்லை என்று மாற்றுவார். 1993 ஜனவரியில் முன்னாள் சாப்பர் மொஹிந்தர் சிங் வழக்கில் உச்ச நீதிமன்றம் இது கூடாது என்றது. மாற்ற வேண்டுமானால் உயர்நிலை மருத்துவக் குழு அந்த மனிதனை மறுபடி சோதித்துப் பார்க்கட்டும் என்பது தீர்ப்பின் சாரம். அந்தச் செய்தி கோவிலம்பாக்கத்துக்கு வந்து சேரப் பல வருஷம் ஆனது. தீர்ப்பு வந்தால் போதாது, அது சம்பந்தப்பட்டவன் காதில் விழ வேண்டும். அதற்கு அன்றும் ஏற்பாடு இல்லை.

இப்போது நிலைமை எவ்வளவோ மாறிவிட்டது என்று சொல்வதில் எனக்குத் தயக்கமில்லை. 2005-ல் தகவல் உரிமைச் சட்டம் வந்தது. பத்து ரூபாய்க் கட்டணத்தில் போர்டு நடவடிக்கையின் நகலைக் கேட்டு வாங்க முடிந்தது. ரகசியம் என்று பூட்டி வைத்திருந்த தாள்களை முதல் முறையாகக் கையில் எடுத்துப் பார்த்த நாள் எனக்கு நினைவிருக்கிறது. நோய் எப்படி வந்தது என்பதற்கு அதில் ஒரு வரிகூடக் காரணம் எழுதவில்லை. 2007-ல் படைத்துறைத் தீர்ப்பாயச் சட்டம் நிறைவேறியது. 2009-ல் தீர்ப்பாயம் இயங்கத் தொடங்கியது. சென்னைக்கும் ஓர் அமர்வு கிடைத்தது. ஹைகோர்ட்டின் பெரிய வரிசையில் நிற்க வேண்டிய வழக்குகளுக்குத் தனி வாசல் திறந்தது.

பிறகு 2013 ஜூலை 2. தரம்வீர் சிங் எதிர் இந்திய அரசு. இவரும் சாதாரண சிப்பாய்தான், சிக்னல்ஸ் படைப்பிரிவு. வலிப்பு நோய்க்காக வீட்டுக்கு அனுப்பப்பட்டவர். உச்ச நீதிமன்றம் சொன்னது இதுதான்: ஒருவரைச் சேர்க்கும்போது நடந்த மருத்துவப் பரிசோதனையில் நோய் எதுவும் குறிக்கப்படவில்லை என்றால், அவர் நல்ல உடல்நிலையோடு சேர்ந்தார் என்றே கொள்ள வேண்டும், பின்னால் உடல் கெட்டால் அது பணியால் கெட்டது என்றே கொள்ள வேண்டும். அப்படி இல்லை என்று நிரூபிக்கும் பொறுப்பு அரசுடையது, சிப்பாயுடையது அல்ல. சந்தேகம் இருந்தால் அதன் பலன் சிப்பாய்க்கு. இவையெல்லாம் 1982-ம் ஆண்டின் தகுதி விதிகளிலேயே இருந்தவை என்பதைத்தான் நீதிமன்றம் எடுத்துக் காட்டியது. புதிதாக எதையும் கொடுக்கவில்லை. முப்பது வருஷம் விதிப்புத்தகத்தில் தூங்கியதை எழுப்பியது.

ஈச்சங்காட்டு அம்மா தொண்ணூறுகளில் என் வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து கேட்ட கேள்விதான் அந்தத் தீர்ப்பு. படிக்காத ஒரு பெண்ணுக்குத் தெரிந்த நியாயம், பதவியில் இருந்தவர்களுக்குத் தெரியாமல் போனது எப்படி என்று இன்றுவரை எனக்குக் கோபம் இருக்கிறது.

தீர்ப்பாயத்தில் மனு போட்டோம். ஒரு இளம் வக்கீல் பணம் வாங்காமல் நடத்திக்கொடுத்தார். டிரைவருக்குப் பென்ஷன் வந்தது. நிலுவைத் தொகை மட்டும், மனு போட்ட நாளுக்கு முந்தைய மூன்று வருஷத்துக்குத்தான். 2008-ல் தர்சேம் சிங் வழக்கில் உச்ச நீதிமன்றம் வகுத்த வரம்பு அது. மாதாமாதம் தொடரும் இழப்பு என்பதால் எவ்வளவு தாமதமாக வந்தாலும் மனுவை ஏற்கலாம். ஆனால் பின்னோக்கி மூன்று ஆண்டுக்கு மேல் பணம் தர வேண்டியதில்லை. இருபது வருஷத்துக்கு மேல் அந்த அம்மா அரைத்த மாவுக்கு யாரும் கணக்குக் கொடுக்கவில்லை. பிள்ளைகளைப் படிக்கவைக்க வேண்டிய காலத்தில் வர வேண்டிய பணம், மாத்திரை வாங்குகிற வயதில் வந்தது.

தாம்பரம் தளத்தில் இருந்து ஓய்வுபெற்ற ஒரு விமானப்படைக்காரருடையது வேறு வகை. என்ஜின் இரைச்சலில் காது போனது. போர்டு இருபது சதவீதம் என்று எழுதி, பணியால் வந்தது என்றும் ஒப்புக்கொண்டது. அவருக்குப் பென்ஷன் வந்துகொண்டிருந்தது, ஆனால் குறைவாக. இந்தக் கணக்கைப் பலர் விளங்கிக்கொள்வதில்லை. நூறு சதவீதக் குறைபாட்டுக்குக் கடைசிச் சம்பளத்தில் முப்பது சதவீதம் டிஸெபிலிட்டி பகுதியாகக் கிடைக்கும். மற்றவர்களுக்கு அதே விகிதத்தில் குறையும். கடைசிச் சம்பளம் 40,000 ரூபாய் என்று வைத்துக்கொள்ளுங்கள். நூறு சதவீதத்துக்கு 12,000. இருபது சதவீதத்துக்கு 2,400. ஐந்தாவது சம்பளக் கமிஷனை ஒட்டி 1996 ஜனவரி முதல் ஒரு சலுகை வந்தது: ஐம்பதுக்குக் குறைவாக இருந்தால் ஐம்பதாகவும், ஐம்பது முதல் எழுபத்தைந்து வரை எழுபத்தைந்தாகவும், அதற்கு மேல் நூறாகவும் கணக்கிடலாம். ஆக 2,400 வாங்கியவர் 6,000 வாங்க வேண்டும். ஆனால் உடல்நிலை காரணமாகப் பாதியில் அனுப்பப்பட்டவருக்கு மட்டும்தான், முழு சர்வீஸ் முடித்தவருக்கு இல்லை என்று அரசு பிடிவாதம் பிடித்தது. காது கேட்காமலேயே கடைசி நாள்வரை வேலை பார்த்தவனுக்குக் குறைவு, பாதியில் வந்தவனுக்கு அதிகம். 2014 டிசம்பர் 10-ல் ராம் அவதார் வழக்கில் உச்ச நீதிமன்றம் இருவருக்கும் ஒன்றுதான் என்று தீர்த்தது.

தீர்த்த பிறகும் அரசுத் தரப்பு அடங்கவில்லை. தீர்ப்பாயம் சிப்பாய் பக்கம் தீர்ப்பளித்தால் அதை எதிர்த்து மேலே போவது வழக்கமாகவே இருந்தது. பாதுகாப்பு அமைச்சராக இருந்த மனோகர் பாரிக்கர் 2015-ல் அமைத்த நிபுணர் குழுவே, டிஸெபிலிட்டி வழக்குகளில் இந்த மேல்முறையீடுகளைக் கைவிடுங்கள் என்று பரிந்துரைத்தது. கால் போனவனோடும் காது போனவனோடும் ஓர் அரசு கோர்ட்டில் மல்லுக்கட்டுவது எனக்கு வெட்கமாக இருக்கிறது. நான் சீருடை போட்டது இதே அரசுக்காகத்தான்.

2023 செப்டம்பர் 21 முதல் ஓய்வுபெறுகிறவர்களுக்குப் புதிய தகுதி விதிகள் வந்திருக்கின்றன. நோயோடும் பணியில் தொடர்ந்தவர்களுக்கு டிஸெபிலிட்டி பகுதி என்ற பெயரே போய், இம்பேர்மென்ட் ரிலீஃப் என்று ஆகிவிட்டது. ரத்தக் கொதிப்பு, சர்க்கரை என்று காட்டி வசதியான பதவியில் இருந்தவர்களும் இந்தப் பென்ஷன் வாங்குகிறார்கள் என்பது இதற்குச் சொல்லப்பட்ட நியாயம். அப்படி வாங்கியவர்கள் இல்லை என்று நான் சொல்லமாட்டேன். அவர்களைத் தனியாகப் பிடியுங்கள். சியாச்சினிலும் பாலைவனத்திலும் ராத்திரி பகல் இல்லாமல் நின்றவனுக்கு வந்த ரத்தக் கொதிப்பையும், மேசையில் உட்கார்ந்தவனுக்கு வந்ததையும் ஒரே சந்தேகத்தோடு பார்க்கும் விதி சிப்பாய்க்குத்தான் கேடு செய்யும். அதிகாரிக்கு வக்கீல் வைத்துக்கொள்ளத் தெரியும்.

இப்போது யாரும் மஞ்சள் பையோடு வருவதில்லை. கைபேசியோடு வருகிறார்கள். எங்கள் ஊரும் மாறிவிட்டது. 2019 நவம்பரிலிருந்து செங்கல்பட்டு மாவட்டம். மண் பாதை இருந்த இடத்தில் அடுக்குமாடி. மேடவாக்கம் சாலையின் நடுவே மெட்ரோ தூண்கள். பென்ஷனும் பேங்கை விட்டு ஸ்பர்ஷ் என்ற இணையத் தளத்துக்குப் போய்விட்டது. நல்ல ஏற்பாடுதான். அனுமதிப்பதும் கொடுப்பதும் ஒரே இடம். புகார் கொடுத்தால் எண் கிடைக்கிறது, எங்கே நிற்கிறது என்று பார்க்கலாம்.

ஆனால் அதைத் திறக்க ஓடிபி வேண்டும். எண்பது வயது சுபேதாருக்கு மகனின் நம்பரைக் கொடுத்திருப்பார்கள். மகன் சோழிங்கநல்லூரில் ஐடி கம்பெனியில் நைட் ஷிப்ட். பகலில் தூங்குகிறவனை எழுப்பி ஓடிபி கேட்க அப்பாவுக்குத் தயக்கம். அவன் எழுந்து பார்க்கும்போது நேரம் முடிந்திருக்கும். வருடாந்தர லைஃப் சர்டிபிகேட்டுக்குப் போனால், விரல் ரேகை தேய்ந்துபோய் ஈ-சேவை மையத்தின் கருவியில் பதியாது. 2021 நவம்பரில் முகத்தைக் காட்டினாலே லைஃப் சர்டிபிகேட் எடுத்துக்கொள்ளும் வசதி வந்தது. படுக்கையில் இருப்பவர்களுக்குப் பெரிய ஆறுதல். அது தெரியாமல் ஆட்டோவில் தூக்கிக்கொண்டு அலைந்த குடும்பங்கள் எங்கள் பகுதியிலேயே உண்டு. 2022 ஏப்ரல் மாதப் பென்ஷன், வருடாந்தர அடையாளச் சரிபார்ப்பு முடியவில்லை என்று நாடு முழுவதும் சுமார் 58,000 பேருக்கு வரவில்லை. மே முதல் வாரத்தில் போட்டுவிட்டார்கள். அந்த நாலைந்து நாளில் எங்கள் தெருவில் மளிகைக் கடைக்காரரிடம் தலைகுனிந்து நின்ற ஒரு முன்னாள் ஹவில்தாரை நான் பார்த்தேன்.

பழைய முறையில் பதில் வர ஆறு மாதம் ஆகும். ஆனால் வந்த காகிதத்தை எடுத்துக்கொண்டு படித்த யாரிடமாவது காட்டலாம். இன்று பதில் உடனே வந்துவிடுகிறது, அது வந்திருப்பதே பெரியவருக்குத் தெரிவதில்லை. பென்ஷன் ஆபீஸிலிருந்து பேசுகிறோம் என்று சொல்லி ஓடிபி கேட்டு, பேங்கில் இருப்பதைத் துடைத்துவிடுகிற திருடர்கள் வேறு. எந்தப் பென்ஷன் அலுவலகமும் போனில் ஓடிபி கேட்காது. இதை உங்கள் வீட்டுப் பெரியவர்களிடம் இன்றே சொல்லிவிடுங்கள்.

பெண்களின் பாடு இன்னும் மோசம். பட்டாளத்தில் கல்யாணம் ஆனாலும் குழந்தை பிறந்தாலும் பார்ட் டூ ஆர்டர் என்ற பதிவில் ஏற வேண்டும். நம் ஊர்ப் பெயர்கள் அங்கே படும் பாட்டைச் சொல்லி முடியாது. வீட்டில் சரோஜா, ரெக்கார்டில் சரோஜம்மாள், ஆதாரில் சரோஜா தேவி. இனிஷியல் எங்கோ போய்விடும். பிறந்த தேதியை அன்றைக்கு யூனிட்டில் யாரோ உத்தேசமாகப் போட்டிருப்பார். வீட்டுக்காரர் உயிரோடு இருக்கும்வரை இது எதுவும் தெரியாது. அவர் போன பிறகு, பதினாறாம் நாள் காரியம் முடிவதற்குள், நீங்கள்தான் அவர் மனைவி என்று நிரூபியுங்கள் என்று கடிதம் வரும். முப்பது, நாற்பது வருஷம் கூட வாழ்ந்தவரிடம் கேட்கிற கேள்வியா அது? பிரமாணப் பத்திரம், தாசில்தார் சான்று, கெஜட்டில் பெயர் மாற்றம் என்று அலைந்து, அது சரியாகும்வரை குடும்பப் பென்ஷன் இல்லை.

மூளை வளர்ச்சி குறைந்த மகளை வைத்திருந்த ஒரு நாயக்கின் மனைவி என்னிடம் கேட்டது மறக்காது. "எனக்கப்புறம் இவளுக்கு யாருண்ணா?" சம்பாதிக்க இயலாத மாற்றுத்திறனாளிப் பிள்ளைக்கு ஆயுள் முழுதும் குடும்பப் பென்ஷன் உண்டு என்பது அவருக்கு அதுவரை யாரும் சொல்லாத செய்தி. தாய் தகப்பன் இருக்கும்போதே மருத்துவச் சான்று வாங்கி, பெயரை ஏற்றி, பாதுகாவலரையும் குறித்து வைத்துவிட்டால் பின்னால் அலைச்சல் இல்லை. மாதம் 9,000 ரூபாயும் அகவிலைப்படியும் என்று பிள்ளைக்கு இருந்த வருமான வரம்பை 2021-ல் தளர்த்தவும் செய்தார்கள். அவர் மகளின் பெயர் ஏறியது. அந்த அம்மா இப்போது இல்லை. மகளுக்குப் பணம் வருகிறது.

அமெரிக்காவில் டிஸேபிள்டு அமெரிக்கன் வெட்டரன்ஸ், அமெரிக்கன் லீஜன் போன்ற சங்கங்கள் அரசின் அங்கீகாரம் பெற்ற சர்வீஸ் ஆபீசர்களை வைத்திருக்கின்றன. மனுவை எழுதுவதும் மருத்துவக் காகிதங்களைச் சேர்ப்பதும் அவர்கள் வேலை. காசு வாங்குவதில்லை. நம்மிடம் மாவட்ட முன்னாள் படைவீரர் நல அலுவலகம் இருக்கிறது. அங்கே நல்லவர்கள் இருக்கிறார்கள், ஒரு மாவட்டத்துக்கே அந்தச் சிலர்தான். 2025 ஜூலையில் தேசியச் சட்டப் பணிகள் ஆணையம் வீர் பரிவார் சகாயதா யோஜனா என்ற திட்டத்தைத் தொடங்கியிருக்கிறது. படைவீரர் நல அலுவலகங்களிலேயே இலவசச் சட்ட உதவி மையம் என்பது அதன் நோக்கம். இது தாம்பரத்துக்கும் மேடவாக்கத்துக்கும் இறங்கி வர வேண்டும். தீர்ப்பும் இணையத் தளமும் வந்துவிட்டன. பக்கத்தில் உட்கார்ந்து காகிதத்தைப் படித்துச் சொல்ல ஓர் ஆள், அரசுச் சம்பளத்தில், வாரத்துக்கு ஒரு நாளாவது ஒவ்வொரு புறநகருக்கும் தேவை. அது கிடைக்கும்வரை இந்த உரிமை, கேட்கத் தெரிந்தவனுக்கு மட்டுமே உரிமை.

அதுவரை நாம் செய்யக்கூடியது உண்டு. உங்கள் தெருவிலோ அடுக்குமாடியிலோ ஒரு முன்னாள் படைவீரர் இருந்தால், அல்லது அவர் மனைவி தனியாக இருந்தால், ஒரு ஞாயிற்றுக்கிழமை போய் உட்காருங்கள். டிஸ்சார்ஜ் புக்கில் உள்ள பெயரும் தேதியும் ஆதாரோடு ஒத்துப்போகின்றனவா என்று பாருங்கள். மெடிக்கல் போர்டு நகல் இல்லையென்றால் ரெக்கார்ட் ஆபீஸுக்குத் தகவல் உரிமை மனு எழுதிக் கொடுங்கள். டிஸெபிலிட்டி பென்ஷன் மறுத்து வந்த பழைய கடிதம் ஏதாவது இருந்தால், எத்தனை வருஷம் ஆகியிருந்தாலும், தீர்ப்பாயத்தில் வழக்கு நடத்துகிற ஒரு வக்கீலிடம் காட்டச் சொல்லுங்கள். நிலுவைக்கு மூன்று ஆண்டு வரம்பு மனு போடும் நாளிலிருந்துதான் எண்ணப்படுகிறது. தள்ளிப்போடும் ஒவ்வொரு மாதமும் அந்தக் குடும்பத்துக்கு ஒரு மாதப் பணம் திரும்ப வராமல் போகிறது.